றூபனின் துவக்குக்கு ஒரு சைலன்சர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சும்மா கிடைத்தது இரண்டு வசனங்கள்தான். கனடாவின் லவால் நகரில் ஒரு கலியாண மண்டபம், வட்டமேசை, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர். மட்டன் ரோலைக் கடித்தபடி, "மான் சுடுற துவக்குக்கு நல்ல சைலன்சர் ஒண்டு தேடுறன் அண்ணை" என்றார். எதற்கு என்று கேட்டேன். "மனுசிக்காகத்தான்" என்றார். அதற்குள் வீடியோக்காரன் மாப்பிள்ளை பகுதியை மேடைக்குக் கூப்பிட்டான். மனிதர் மிச்ச ரோலை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

மனைவிக்காகத் துவக்கின் சத்தத்தை அடக்க நினைக்கிற மனிதரை எப்படிச் சும்மா விடுவது? வீட்டுக்கு வரும் வழியிலேயே அவருக்கு றூபன் என்று பெயர் வைத்தேன். மனைவி அக்னெஸ். இருவருக்கும் ஊர் மன்னார். இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருப்பு. அவன் துறைமுகத்தில் கொண்டெயினர் லொறி ஓட்டுகிறான். அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள்.*

* ஐம்பதைத் தாண்டியவர்களை அவன், அவள் என்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். பெற்றவனுக்கு அந்த உரிமை உண்டு.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "லவால் வேட்டைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் சைலன்சர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. றூபன் குனிந்து…"

ஒரு பக்கம் ஓடிய பிறகு ஜெனாட்டிடம் கொடுத்தேன். ஜெனாட் என் மனைவியின் தம்பி. வேட்டைக்குப் போகிறவன், நான் எழுதுவதை ஓசியில் திருத்துகிறவன்.

"அத்தான், கனடாவில சைலன்சர் தடை. வித்தாலும் குற்றம், வைச்சிருந்தாலும் குற்றம். இந்தக் கடையை நீங்கள் எங்க கண்டனீங்கள்?"

"மனசுக்குள்ள."

"அப்ப அங்கேயே இருக்கட்டும்."

[இரண்டாம் தொடக்கம்: "தடுக்கப்பட்டவற்றின் மீது மனிதன் கொள்ளும் வேட்கை…" வேண்டாம். பட்டிமன்ற வாடை அடிக்கிறது.]

கடை போனது. ஆனால் றூபன் போகவில்லை. அவன் படித்துத் துவக்கு லைசன்ஸ் எடுத்தவன், இங்கே விற்பதில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இங்கே விற்பதில்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன அர்த்தம்? யாராவது வரும்போது சூட்கேசில் கொண்டுவருவார்கள் என்று அர்த்தம். மிளகாய்த்தூளில் தொடங்கித் தாலிக்கொடிவரை அப்படித்தானே வந்து சேர்ந்தன. சட்டம் என்பதை றூபன் விமானப் பெட்டியின் எடைக்கட்டுப்பாட்டைப் போல ஏதோ ஒன்றாக நினைத்துக்கொண்டான். பிழை அங்கேதான் தொடங்கியது.

3

அக்னெஸைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மகள் ஷெரோன் கலியாணம் கட்டிக்கொண்டு ரொறொன்ரோ போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. துறைமுகத்தில் கூட வேலை செய்யும் ஜில், ஏரிக்கரையில் உள்ள தன் மரவீட்டை றூபனுக்கு வேட்டைக் காலத்தில் கொடுப்பான். போன வருடம் அக்னெஸும் முதல்முறை கூடப் போனாள். காடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஏரிப் படியில் குந்தியிருந்து செபமாலை சொன்னாள். விறகடுப்பில் சொதி வைத்தாள். "ஏன் இவ்வளவு நாளும் என்னைக் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று சண்டையும் பிடித்தாள். றூபனுக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் காலை அவன் காட்டுக்குள் ஒரு மானுக்கு வெடி வைத்தான். மான் தப்பியது. சிரித்துக்கொண்டு திரும்பி வந்தால், அக்னெஸ் மேசைக்குக் கீழே இருந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"கரண்டி விழுந்திட்டுது. எடுக்கக் குனிஞ்சனான்" என்றாள்.

அதற்குப் பிறகு, "நீங்கள் போயிட்டு வாங்கோ, எனக்கு வேலை கிடக்கு" என்பதே பதிலாகிவிட்டது. தனியே போனவன் சோற்றை ஆறவிட்டு, சொன்ன நாளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தான். அக்னெஸ் இல்லாமல் அந்த ஏரி பிடிக்கவில்லை. ஏரிக்குப் போகாமல் அவனுக்கு இருக்கவும் முடியவில்லை. இந்தக் கார்த்திகை வேட்டைக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் துவக்கை விற்பது என்று முடிவுகட்டினான். அந்த முடிவை என்னிடம் சொன்ன அன்று அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

4

நோர்வேயில் றூபனின் தங்கையின் கணவர் ஞானேந்திரன் இருக்கிறார். அங்கே வேட்டைக்காரர் சைலன்சரைக் கடையில் கேட்டு வாங்கலாம். வீடியோவில் இரண்டைத் தூக்கிக் காட்டினார்.

"மச்சான், இது நீட்டு. சத்தத்தை நல்லா அமத்தும். ஆனா பத்தை, செடிக்குள்ள கொழுவுப்படும். இது கட்டை, குழலுக்கு மேலால பின்னுக்கு வந்து இருக்கும். துவக்கு மூக்குக் குத்தாது."

"எனக்கு ஆகச் சத்தமில்லாதது வேணும்."

"அப்பிடி ஒண்டும் இல்லை. பேர்தான் சைலன்சர். படத்தில மாதிரி 'புசுக்' எண்டு கேளாது. குண்டு காத்தைக் கிழிக்கிற சத்தம் கேக்கத்தான் செய்யும். காதுக்குச் சேதமில்லை, அவ்வளவுதான். உங்கட குழல் நுனியில இதை முறுக்கிப் பூட்டப் புரி வெட்டிக் கிடக்கோ?"

வெட்டிக் கிடக்கவில்லை. வெட்டுவிக்கிறேன் என்றான் றூபன். முதல் சைலன்சர் வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் ஓம் என்பான். நீட்டானதையே தெரிந்தெடுத்தான். பாரம் கையோடு, சத்தமில்லாமை அக்னெஸோடு என்று கணக்குப் போட்டான். கார்த்திகைக்கு முன், இங்கே சொந்தக்காரப் பிள்ளை ஒன்று தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கும் விழாவுக்கு ஞானேந்திரன் குடும்பமாக வருகிறார். கருவாட்டுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

5

இங்கே எனக்கு மூன்று பாதைகள் தெரிந்தன.

அ) விமான நிலையத்தில் பிடிபடுகிறார். ஞானேந்திரன் பிள்ளைகளுக்கு முன்னால்… [நிறுத்திவிட்டேன். ஒரு நல்ல மனிதரை என் கதைக்காக மறியலில், கம்பிக்குப் பின்னால் வைக்க மனம் வரவில்லை.]

ஆ) பிடிபடவில்லை. றூபன் அதைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறான். [துவக்கும் லைசன்ஸும் போய், மனுசனும் போய்விடுவான். அக்னெஸ் என்னை மன்னிக்க மாட்டாள்.]

இ) ஜெனாட்டைக் கதைக்குள் அனுப்புகிறேன்.

மூன்றாவதைத்தான் செய்தேன். ஜெனாட் ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் றூபனைப் பிடித்து, சைலன்சருக்கு மறியல்தான் என்று விளங்கப்படுத்தினான். றூபன் அன்றே நோர்வேக்குப் போன் எடுத்து, "மச்சான், சாமானைப் பெட்டியிலயிருந்து எடுத்துப்போடும். கருவாடு மட்டும் வந்தாப் போதும்" என்றான்.

6

சைலன்சருக்குப் பதிலாக, காதை மூடும் கவசம் ஒன்றை அக்னெஸுக்கு வாங்கி வந்தான். சிவப்பு நிறம், நல்ல விலை. குசினியில் போட்டுப் பார்த்தாள். அப்போது குக்கர் விசிலடித்தது. உடனே கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதைப் போட்டா என்ன வருதெண்டே தெரியாது."

"அதுக்குத்தானே அக்னெஸ் போடுறது."

"உங்களுக்கு விளங்கேல்லை." அடுப்பை அணைத்தாள். "சத்தம் எனக்குப் பயமில்லை. சொல்லாமல் வாறதுதான் பயம். அண்டைக்கு ஊரில அம்மா புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டவ. ஒருத்தரும் வந்து, பிள்ளையள், இப்ப ஷெல் விழப்போகுதெண்டு சொல்லேல்லை."

றூபன் கவசத்தை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். இத்தனை வருடத்தில் அவள் அந்த நாளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் சுடுறதுக்கு முதல் உன்ர கையைப் பிடிக்கட்டோ?"

"வேண்டாம். பங்கருக்குள்ள எல்லாரும் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள். வாயால சொல்லுங்கோ. நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறன்."

"மற்றவன் சுடுற சத்தமும் கேக்குமே?"

"மற்றவனை நான் கட்டேல்லை."

இந்த இடத்தில் ஜெனாட் குறுக்கிட்டான். "அத்தான், வாய் திறந்தா மான் நிக்குமோ? முழுக்கதையும் பழுதாப் போச்சு." நியாயமான கேள்விதான். றூபனும் அதையேதான் யோசித்தான். ஆனாலும் ஓம் என்றான்.

7

கார்த்திகை. காட்டுக்குள் பலகையால் அடித்த சின்ன மறைவு. செம்மஞ்சள் அங்கி போட்ட இருவர் உள்ளே இருக்கிறார்கள். அக்னெஸின் மடியில் பிளாஸ்க், கையில் செபமாலை. காதில் கவசம் இல்லை. அவள் வந்துவிட்டாள் என்பதே றூபனுக்குப் பெரிய சந்தோசம்.

மான் வருகிறது. கொம்பு விரிந்த கிடாய். இப்படி ஒன்றைக் காண றூபன் எத்தனை கார்த்திகை குளிரில் விறைத்திருக்கிறான். துவக்கு தோளில் ஏறிவிட்டது. மான் தலையைத் தூக்கி, காதுகளை மறைவுப் பக்கம் திருப்புகிறது. அக்னெஸின் விரல் ஒரு மணியில் நிற்கிறது. அவள் மானைப் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்க்கிறாள்.

[அவன் சொல்கிறான், மான் பாய்ந்து…] அழித்தேன்.

[அவன் சொல்லாமல்…] இதை எழுதக் கை வரவில்லை.

[மான் செவிடு.] ஜெனாட் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அழித்தேன்.

என்னால் இதற்கு மேல் முடியவில்லை. எனக்கு அந்தக் கிடாய் மீதும் ஆசை, அவள் மீதும் ஆசை. துவக்கை உங்களிடம் தருகிறேன், அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் இருங்கள். சுடுவதென்றால் சுடுங்கள், விடுவதென்றால் விடுங்கள். சுடுவதென்றால் மட்டும், முதலில் அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.