சொல்லு

சார்ஜரில் எரிந்த சிவப்பு விளக்கு பச்சையாக மாறும்வரை ரத்தினம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மாறியதும் வாக்கி டாக்கியை உருவி எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு. இந்த நான்கு மாதத்தில் இதே முடிவை எத்தனை தடவை எடுத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் பக்கத்துத் தோப்புக் கங்கையாவின் குரல் அதில் வந்ததும் கேட்க நினைத்ததை விட்டுவிடுவாள். ட்ராக்டர் எப்போது வரும், பறிக்க ஆள் எத்தனை பேர் என்று எதையாவது கேட்டுவிட்டு விரலை எடுத்துவிடுவாள்.

அவர்கள் மாந்தோப்பு வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருந்தது. வீடு கீழ்க்கோடியில், மண்ரோட்டை ஒட்டி. மோட்டார் கொட்டகை மேல்கோடியில். நடந்தால் கால்மணி நேரம். அங்கே செல்போன் மணி பார்க்கத்தான் உதவும்; டவருக்கும் தோப்புக்கும் நடுவில் மலை படுத்திருந்தது. திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கும் மகன் சுதீர், அங்கே வாட்ச்மேன்கள் கையில் பார்த்துவிட்டு அதே மாதிரி மலிவான வாக்கி டாக்கி மூன்றை வாங்கிவந்தான். நைனாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோப்புக்காரன் கங்கையாவுக்கு ஒன்று. இரண்டு தோப்புக்கும் கங்கையாவின் ட்ராக்டர்தான் ஓடியது.

பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அதற்கு அவள் புருஷன் நாகபூஷணம் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். பேசி முடித்தவர் கடைசியில் ‘சொல்லு’ என்று சொல்லிவிட்டு விரலை எடுக்க வேண்டும். அப்புறம் எதிராளி பேசலாம். “மோட்டர் போட்டுட்டேன், சொல்லு.” “வர்றதுக்கு நேரமாவும், நீ துன்னுடு, சொல்லு.” கங்கையாவும் இரண்டே நாளில் பழகிக்கொண்டான். ரத்தினம்மாவுக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவே இல்லை. வருமா? கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க விட்டதில்லை அந்த மனுஷன். இப்போதுதான், அமுக்கிப் பிடித்தால் யாராலும் குறுக்கே பேச முடியாத ஒரு சாமான் அவள் கைக்கு வந்திருக்கிறது. சும்மா விடுவாளா?

பிடித்த பிடியை விடமாட்டாள். மாமியார் காலத்துக் கதையில் தொடங்கி மகள் ஹரிதாவின் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்துதான் நிறுத்துவாள். கங்கையாவின் இடுப்பிலும் அதே சேனல்தானே? அந்த வீட்டில் அவனுக்குத் தெரியாத சங்கதி பாக்கியில்லை. “அக்கா பட்டன் அமுக்குனா நான் ஒரு வரிசை மரத்துக்கு மருந்தடிச்சி முடிச்சிடறேண்ணா” என்று நாகபூஷணத்தைக் கேலி செய்வான். அவரிடமும் ஒரு பதிலடி இருந்தது. ரோஷம் வந்தால் வாக்கியை அணைத்துவிடுவார். அப்புறம் பசி வந்தால் ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்காருவார்.

நான்கு மாதத்துக்கு முன்னால், அன்றைக்கு மரமெல்லாம் பூத்து நின்றது. பிப்ரவரி மாதம். காலை பத்து மணி இருக்கும். பிரிட்ஜ் மேலே அவருடைய மாத்திரை அட்டை அப்படியே இருந்ததைப் பார்த்ததும் ரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாக்கியை எடுத்தாள்.

“இன்னாய்யா, மாத்திரை துன்னாம மேல போய்ட்டியா? நான் ஒருத்தி கத்திக்கினே கீறேன், உன் காதுல ஏறுதா?”

அதில் ஆரம்பித்தது. மாத்திரையிலிருந்து அவர் அண்ணனுக்குப் போய், அங்கிருந்து ஹரிதாவின் மாமனார் வீட்டுக்குப் போய், மறுபடி மாத்திரைக்கு வந்தாள். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். விரலை எடுத்தபோது மறுபக்கம் சத்தமே இல்லை. ரோஷம், அணைத்துவிட்டார் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் கொஞ்சம் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன் முகத்தையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பருப்பு வெந்துகொண்டிருந்தபோது கங்கையாவின் குரல் வந்தது. “அக்கா, கொஞ்சம் மேல ரா அக்கா. சீக்கிரம்.” அவன் ‘சொல்லு’ என்று முடிக்கவில்லை. அவள் ஓடினாள். மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி கிடந்தார் நாகபூஷணம். கங்கையா அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாக்கி அவர் வலது கையில் இருந்தது. கங்கையாவின் காலில் செருப்பில்லை. ஓடைக் கரையின் கருவேல முள் குத்தி இரண்டு பாதத்திலும் ரத்தம் வழிந்தது. புத்தூருக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் கங்கையா ஒரே பதிலைச் சொன்னான். “சும்மா இந்தப் பக்கம் வந்தேன், பாத்தேன்.” சும்மா வருகிறவன் செருப்பை விட்டுவிட்டா வருவான்? முள்ளில் ஓடியா வருவான்? காரியம் முடிந்து வீடு காலியான பிறகு ரத்தினம்மாவுக்கு அந்தப் பாதங்களே கண்ணில் நின்றன. அதற்கப்புறம் கங்கையா நேரில் வந்தால் தரையைப் பார்த்தே பேசினான். முன்பு கேலி பேசின வாய், இப்போது ட்ராக்டரைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை.

போன வாரம் காய் பறிப்புக்கு ஒத்தாசையாக சுதீர் வந்திருந்தான். பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“ஏன்டா, ரெண்டு பேரு ஒரே நேரத்துல அமுக்குனா இன்னா ஆவும்?”

“அமுக்கிக்கினு கீறவனுக்கு ஒண்ணும் கேக்காதும்மா. மூணாவது ஆளு யாருக்குக் கிட்ட கீறானோ, அவங்க குரல்தான் அவனுக்குக் கேக்கும். தூரத்துல கீறவன் குரலு அமுங்கிடும்.” கூடையை எடுத்துக்கொண்டே சொன்னவன் நிமிர்ந்து பார்த்தான். “ஏம்மா?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

கங்கையாவின் தோப்பு மோட்டார் கொட்டகைக்குக் கிட்டே. அவள் வீடு தூரம். அன்றைக்குக் கங்கையாவின் இடுப்பில் அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்து, நடுவில் அது அறுந்து, வேறொரு குரல் வந்திருக்குமா? அவர் கூப்பிடவே இல்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்கும், கண்ணை மூடினால் தூக்கம் வரும். கூப்பிட்டிருந்தாரென்றால், அந்த நேரத்தில் பட்டனைப் பிடித்திருந்தது அவள் கட்டைவிரல். ஆனால் கூப்பிட்டிருந்தாரென்றால் இன்னொன்றும் உண்டு. அவர் கடைசியாகச் சொன்னது இந்த ஊரில் ஒருத்தனிடம் இருக்கிறது. அது அவளுக்குச் சேர வேண்டியது. கூப்பிட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வாள். அடுத்த நிமிஷம், கூப்பிட்டிருக்க வேண்டுமே என்றும் ஏங்குவாள்.

இன்றைக்கு மேலே மோட்டார் கொட்டகைக்கு வந்து, அவர் சாய்ந்திருந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தோப்பு முழுக்கக் கிளிமூக்கு மாங்காயின் பால் வாடை. கீழே ஆட்கள் பறித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு லோடு போக வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே ட்ராக்டர் உறுமுவது கேட்டது.

பட்டனை அமுக்கி, “கங்கையா” என்றாள்.

“செப்பக்கா. ட்ராக்டர் பதினோரு மணிக்கு வந்துடும். சொல்லு.”

“ட்ராக்டரு கெடக்கட்டும்.” விரலை எடுக்கவில்லை. “அன்னிக்கி நான் பேசிக்கினே இருந்தேனே. அப்போ அவரு கூப்ட்டாரா? இன்னா சொன்னாரு? என்னைத் திட்டியிருந்தாலும் சரி, பரவால்ல. மறைக்காத. உனக்குக் கேட்டுச்சின்னு எனக்குத் தெரியும். உன் காலைப் பாத்தேன்.”

இன்னும் பேசலாம். பேசிக்கொண்டே இருந்தால் பதில் வராது. அது அவளுக்குத் தெரிந்தது.

“சொல்லு” என்றாள். முதல் தடவையாக. விரலை எடுத்தாள்.

பிறகு வாக்கியின் தலையில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் கங்கையா பட்டனை அமுக்கிவிட்டான். முதலில் ட்ராக்டரின் உறுமல் வந்தது. சாவியைத் திருப்பும் சத்தம், உறுமல் நின்றது. மாவிலைகள் உரசுவது கேட்டது, எங்கோ ஒரு கிளி கத்துவது கேட்டது. அதற்கெல்லாம் கிட்டே, ஒரு ஆணின் மூச்சு ஏறி ஏறி உடைந்தது. வார்த்தை இன்னும் வரவில்லை.

பழக்கதோஷத்தில் அவள் கட்டைவிரல் பட்டனைத் தேடிப் போனது. சட்டென்று வாக்கியை எதிரே தரையில் நிறுத்தி வைத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.