பத்து நாள் தண்ணீர்

ஜூன் கடைசியில், நெல் வேர் ஆழமாக இறங்கவும் தரை இறுகவும் ஊரே வயலை வடியவிட்ட அன்று, மால்சுன் அக்கா தன் வடிமடையில் இரண்டு மண்மூட்டைகளைப் போட்டு அடைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். என் கணவர் தல்சுதான் எங்கள் ஊர் வாய்க்கால் தலைவர். வரப்பில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"அண்ணி, எந்திரிங்க. உங்க வயல்ல தண்ணி நின்னா கீழ என் வயல் காயாது."

"பத்து நாள் பொறு தல்சு. தலைப்பிரட்டைக்கெல்லாம் இப்பதான் பின்னங்கால் வந்திருக்கு. முன்னங்கால் வரட்டும்."

"தவளைக்கு நாள் பாத்தா விவசாயம் பண்றீங்க?"

"நீ உன் மெஷினுக்கு நாள் பாத்துப் பண்றல்ல?"

பக்கத்து வயலில் யாரோ சிரித்தார்கள். அதுதான் இவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அறுப்புக்கு என் மெஷின் இந்த வயல்ல இறங்காது" என்றார். ஊரில் இருப்பதே அந்த ஒரு அறுவடை இயந்திரம்தான்.

"அரிவாள் இருக்கு" என்றாள் அக்கா.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. வயலை எங்களிடம் குத்தகைக்கு விட்டுவிடுவாள் என்று இவர் துக்க வீட்டிலேயே கணக்குப் போட்டிருந்தார். அவளோ தானே இறங்கி நட்டாள். மருந்தடிப்பதை நிறுத்தினாள். அந்த வருடமே அவள் வரப்பில் நடந்தால் முதுகில் வெளிர்க்கோடு ஓடும் பச்சைத் தவளைகள் காலடிக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்தன. இந்த வசந்தத்தில் வாய்க்காலுக்கு சிமென்ட் போட்டார்கள். உள்ளே விழுந்தது மரத்தவளை என்றால் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். இந்தப் பச்சைத் தவளையின் விரல்களுக்கு அந்தப் பிசின் கிடையாது. பாதிச் சுவர்வரை எம்பிச் சறுக்கி, மறுபடி எம்பி, சாயங்காலத்துக்குள் ஓய்ந்துபோகும். அவை பிடித்து ஏற அக்கா சுவரோடு வைக்கோல் பாய்களைத் தொங்கவிட்டாள். தண்ணீரை மறிக்கிறது என்று இவர் பிடுங்கிப் போட்டார். பிடுங்கியவற்றை அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தவள் நான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை இவர் பூட்டிவிட்டார். மூன்றே நாளில் நீர் கணுக்காலுக்குக் கீழே போனது. அக்கா கரையோரம் இரண்டு வரிசை நெல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு நீளக் குழி வெட்டினாள். பச்சை நெல்லைப் பிடுங்குகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. தலைப்பிரட்டைகள் எல்லாம் அந்தக் குழியில் வந்து அடைந்தன. அதுவும் வற்றத் தொடங்கியதும், கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸ் ஊறவைக்கும் பெரிய சிவப்பு பேசினில் வீட்டிலிருந்து தண்ணீர் நிரப்பி, கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சிந்திப் பாதிதான் மிஞ்சியது.

இவர் கீரை இலையில் சோற்றைச் சுருட்டி வாயில் வைத்தபடி ஜன்னல் வழியே அதைப் பார்த்தார். "பிடிவாதம்" என்றார்.

"மடைப் பூட்டோட சாவி எங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு?"

நான் மறுபடி கேட்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் எதையுமே இரண்டாம் தடவை கேட்டதில்லை. அதனால் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் பின்பக்கம் போய், மிளகாய்த் தோட்டத்து ஹோஸைக் கழற்றி, எங்கள் வயல் வரப்பு வழியாகவே மேலே இழுத்துக்கொண்டு போய் அக்காவின் குழியில் போட்டேன். திரும்பிவந்து கிணற்று மோட்டாரைப் போட்டேன்.

அக்கா பேசினைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சோரா அம்மா, வீட்ல சண்டை வரும்."

"வரட்டும்க்கா."

வந்தது. "ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார்.

"தலைவர் வீட்டுத் தண்ணின்னு சொல்லுவாங்க."

அவர் மோட்டாரை நிறுத்தினார். நான் போட்டேன். மறுபடி நிறுத்தினார். நான் ஒரு நாற்காலியையும் அந்த வருடத்துப் பூண்டு மூட்டையையும் கொண்டுவந்து சுவிட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன். என்னைத் தொட்டு நகர்த்த அவருக்கு மனம் வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை. ஆறு நாளும் தினமும் ஒரு மணிநேரம் உரித்தேன். விரல்கள் எரிந்தன.

ஏழாம் நாள் விடிகாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது, இவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தார். அக்கா வயல் ஓரம் வந்ததும் நின்றார். ஹோஸைப் பார்க்கப் போனபோதே நான் கண்டிருந்தேன்: கட்டைவிரல் நகம் அளவுக்குப் பச்சைக் குஞ்சுகள், பின்னால் இன்னும் கொஞ்சம் வால் ஒட்டியிருக்க, குழியிலிருந்து ஏறி வரப்பு முழுக்கப் பரவியிருந்தன. சில அவருடைய ரப்பர் பூட்ஸின்மேல் ஏறியிருக்க வேண்டும். அவர் ஒரு காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று பார்த்தார். நான் அடுத்த பூண்டை எடுத்தேன். அவர் அந்தக் காலைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.