ஜார்ஜியாவின் சீட்டு

எடுத்த சீட்டை எவரும் மாற்றிக்கொள்ளலாகாது என்பது விட்லோ வகுத்த விதி. வர்ஜீனியாவின் ஆற்றங்கரை நகரொன்றில், கல்லூரித் தரத்து அமெரிக்க வரலாற்றைப் பதினோராம் வகுப்பாருக்குக் கற்பித்துவந்த அவர், ஒவ்வோர் அக்டோபரிலும் தம் வகுப்பறையை, அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்த 1787ஆம் ஆண்டின் பிலடெல்பியா மாநாடாக மாற்றிவிடுவார். மாணவர்கள் ஒரு முக்கோணத் தொப்பிக்குள் கையை விட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்பர். சீட்டில் எழுதியுள்ள மாநிலத்தின் பிரதிநிதியாக நின்று, தமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அம்மாநிலம் அன்று கேட்டதையே கேட்டு வாதிட வேண்டும்.

"நீங்க யாரா பொறக்கணும்னு வரலாறு உங்களக் கேட்டுச்சா? அப்போ நானும் கேக்க மாட்டேன்" என்பது ஆண்டுதோறும் அவர் சொல்லி மகிழும் வசனம்.

அந்த விதியை டெல்ஃபின் டாலிவர் ஒருத்திக்காக மட்டும் அவர் மீறினார்.

அவ்வகுப்பிலிருந்த ஒரே கறுப்பினப் பெண் அவள். அவள் எடுத்த சீட்டு ஜார்ஜியா. அடிமைகளை வைத்திருந்த மாநிலத்துக்காக அவள் வாதிட வேண்டும். சீட்டைப் பிரித்த அன்று வகுப்பு முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. அவளோ அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்று முதல் நூலகமே கதியெனக் கிடந்தாள். அந்த வாதத்தை ஒருவர் அசட்டையாகப் பேசிவிட்டால், அது ஏதோ மூடர்களின் வாதமாகத் தோன்றிவிடும் என்பது அவளுடைய கவலை. அது மூடர்களின் வாதமன்று. நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களின் வாதம். அதை அதற்குரிய கூர்மையோடு பேசி, கேட்போர் எவரும் சிரிக்க இயலாதபடி செய்துவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள்.

மாநாடு நடக்கவிருந்த வெள்ளிக்கிழமை காலை, முதல் மணி அடிக்கும் முன்பே விட்லோ அவளைத் தம் மேசையருகே அழைத்தார்.

"டெல்ஃபின், அந்தச் சீட்ட இப்படிக் குடும்மா. நீ செயலரா இரு. கிரேடி ஜார்ஜியாவப் பாத்துக்கட்டும்."

"சீட்ட மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா இது வேற. பக்கத்து ஊர்ல கறுப்பினப் புள்ளைய இப்படிப் பேச வெச்சாங்கன்னு ஒரு அம்மா பள்ளிக்கூடத்து மேல புகார் குடுத்துட்டாங்க. உன் வாயால அதெல்லாம் சொல்ல வைக்கிறது எனக்கே சங்கடமா இருக்கு. உனக்கு நல்லதுதான் பண்றேன்."

"எனக்குச் சங்கடமா இருக்குன்னு நான் சொன்னேனா?"

"நீ சொல்ல மாட்டே. அதான் நானா யோசிச்சேன்." அவர் கனிவோடு புன்னகைத்தார். "செயலருக்குப் பேச்சு கிடையாது, ஓட்டும் கிடையாது. தீர்மானத்த வாசிச்சாப் போதும். மார்க்கு முழுசாப் போட்டுடறேன். அப்புறம் ஒண்ணு, வாதத்த நீ எழுதி வெச்சிருக்கியே அட்டைகள், அதக் கிரேடிக்குக் குடுத்துடேன். அவனுக்குப் பாவம், தினமும் ஃபுட்பால் பயிற்சி."

டெல்ஃபின் சட்டைப் பையில் கைவிட்டாள். சீட்டை மேசைமேல் வைத்தாள். அட்டைகளை வைக்கவில்லை.

நண்பகலில் உணவுக்கூடத்தில் அவள் தட்டில் இருந்த கோழித் துண்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. எதிரே அமர்ந்திருந்த அவளுடைய தோழி மாரிசோல், வடக்கு மாநிலமான பென்சில்வேனியாவின் பிரதிநிதி, சாக்லேட் பாலை உறிஞ்சியபடி கேட்டாள்:

"பேசாமலே முழு மார்க்கு. எனக்குக் குடுத்திருந்தா அவரு கால்ல விழுந்திருப்பேன். உனக்கு என்னடீ பிரச்சினை?"

"பேசாமலேங்கிறதுதான் பிரச்சினை."

"அவரு நல்ல மனசோடதானே பண்ணாரு?"

"அதான் இன்னும் எரியுது! கெட்ட மனசா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம். இவருக்கு நான் நன்றி வேற சொல்லணுமாம்."

அப்போது கிரேடி மன்ஃபோர்ட் வந்து மேசையோரத்தில் சாய்ந்து நின்றான். அன்று மாலை ஆட்டம் இருந்தமையால் அணிச் சட்டையோடுதான் பள்ளிக்கு வந்திருந்தான்.

"டாலிவர், அட்டையக் குடு."

"எந்த அட்டை?"

"சார் சொன்னாரே. நீ எழுதுனத நான் வாசிக்கணுமாம்."

"நான் ராத்திரியெல்லாம் உக்காந்து உழைப்பேன், நீ எழுந்து நின்னு கைதட்டு வாங்குவே. ஜார்ஜியாவுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கே ஐயா!"

மாரிசோலின் மூக்கு வழியாகப் பால் வந்துவிட்டது. கிரேடி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி விடு, நானே பாத்துக்கறேன். என்ன பெருசா? அடிமைங்கள ஆளாவே எண்ணக் கூடாதுன்னு தெக்கத்திக்காரன் சொன்னான். அவ்வளவுதானே?"

டெல்ஃபின் வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். செயலருக்குப் பேச்சு கிடையாது.

பிற்பகலில் மாநாடு கூடியது. அன்றைய பிரதிநிதிகள் ரகசியம் காக்கும்பொருட்டுச் சன்னல்களை அடைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனராதலின், விட்லோவும் சன்னல்களை அடைத்துத் திரைகளை இறக்கியிருந்தார். மேசைகள் குதிரை லாட வடிவில் போடப்பட்டிருந்தன. செயலரின் நாற்காலி மட்டும் மூலையில், கரும்பலகைக்கு அருகே இருந்தது. எந்தத் தீர்மானமானாலும் செயலர் அதை உரக்க வாசித்த பின்னரே வாக்கெடுப்பு என்பது அவ்வகுப்பின் மற்றொரு விதி.

பேசப்பட்ட விஷயம் இதுதான்: மக்கள் தொகைக்கேற்ப ஒவ்வொரு மாநிலத்துக்கும் சபையில் இடங்கள் ஒதுக்கப்படும், அந்தத் தொகையில் அடிமைகளைச் சேர்ப்பதா, வேண்டாமா?

கிரேடி எழுந்து கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஜார்ஜியா சொல்றது என்னன்னா, அவங்க எங்களோட சொத்து. சொத்த யாராவது ஆளா எண்ணுவாங்களா? என் மாட்டையும் எண்ணுவியா? அதனால அவங்கள எண்ணவே கூடாது."

மாரிசோல் விழித்தாள். அவள் பென்சில்வேனியாவுக்காகச் சொல்ல எழுதிவைத்திருந்த வாதத்தை அவனே சொல்லிவிட்டான்.

"ஜார்ஜியா அப்படிச் சொன்னா, நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?" என்று அவள் கேட்க, வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அப்போ ரெண்டு பேருக்கும் பொதுவா அஞ்சுல மூணுன்னு வெச்சுக்கலாம்" என்றான் கிரேடி. "காலு, கை, தலை. மிச்சத்த விட்டுடலாம்."

இன்னும் பெருத்த சிரிப்பு எழுந்தது. சிரித்த சிலர் நடுவிலேயே மூலையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினர். அது டெல்ஃபினுக்குச் சிரிப்பைவிடவும் கொடியதாகப் பட்டது. விட்லோ கடிகாரத்தை நோக்கினார். பிழையைத் திருத்த அவர் முயலவில்லை. இப்பேச்சை விரைவில் கடந்துவிட வேண்டுமென்ற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"சரி, வாக்கெடுப்புக்குப் போயிடலாம். செயலர் தீர்மானத்த வாசிக்கலாம்."

டெல்ஃபின் எழுந்தாள். கையிலிருந்த தாளில் சுதந்திர மக்கள் அனைவரும், அவர்களோடு ஏனையோருள் ஐந்தில் மூன்று பங்கினரும் எண்ணப்படுவர் என்று இருந்தது. ஏனையோர்! பெயரைக்கூட எழுதக் கூசிய கைகள் எண்ணுவதற்கு மட்டும் கூசவில்லை.

"வாசிம்மா."

"மாட்டேன் சார்."

அறையில் நாற்காலியொன்று கிறீச்சிட்டது.

"டெல்ஃபின், நீ வாசிக்கலேன்னா ஓட்டு எடுக்க முடியாது."

"தெரியும். நீங்க வெச்ச விதிதானே. இன்னொரு விதிய நீங்களே மீறிட்டீங்க, இதையாவது மிச்சம் வைப்போம்."

"உன்னக் காப்பாத்தத்தானே நான்..."

"காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா? மத்தவங்க யாரையும் வரலாறு கேக்காதாம், என்னை மட்டும் மூலையில உக்கார வெச்சுடுமாம். அன்னைக்கும் இப்படித்தான் சார் சன்னல மூடிக்கிட்டு அவங்களப் பத்திப் பேசினாங்க. அவங்கள்ல ஒருத்தர்கூட உள்ள இல்ல. இன்னைக்கு ஒருத்தி இருக்கா, அவளுக்குப் பேச்சு கிடையாதுன்னுட்டீங்க. போகட்டும், இவன் சொன்னதாவது சரியா? ஜார்ஜியா தலைகீழா நிக்குது, அதுகூட உங்களுக்குக் காதுல விழலையா?"

விட்லோவின் முகம் சிவந்தது. கிரேடி தன் முன்னிருந்த சீட்டைப் பார்த்தான். பிறகு எழுந்துசென்று அதை அவளிடம் நீட்டினான்.

"இந்தா. எனக்கு ஒரு மண்ணும் தெரியல. நீயே பேசு."

"சீட்ட மாத்தக் கூடாது" என்றார் விட்லோ, பழக்கத்தால். சொல்லி முடித்ததும் அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

டெல்ஃபின் அந்த வாசிப்புத் தாளை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, கிரேடியின் இடத்தில் போய் நின்றாள். சட்டைப் பையிலிருந்த அட்டைகளை அவள் எடுக்கவே இல்லை.

"ஜார்ஜியா கேக்குறது அஞ்சுல மூணு இல்ல. முழுசா எண்ணுங்க. ஒருத்தர் விடாம, கைக்குழந்தை வரைக்கும் எண்ணுங்க. எங்க அரிசி, எங்க அவுரி எல்லாம் அவங்க கைதானே? அப்போ அந்தத் தலைக்கெல்லாம் சபையில இடம் வேணும். அந்த இடத்துல யாரு உக்காருவா? நாங்க. அவங்களுக்கு ஓட்டு உண்டா? கிடையாது. பேச்சு உண்டா? கிடையாது. எண்ணிக்கையில முழு ஆளு, அறைக்குள்ள ஆளே இல்ல. இதுதான் எங்க கோரிக்கை. இத ஏத்துக்கலேன்னா நாங்க கெளம்பிடுவோம், உங்க நாடும் கிடையாது. பென்சில்வேனியா என்ன சொல்லுது?"

குரலை அவள் ஒருமுறைகூட உயர்த்தவில்லை. மாரிசோல் எழுந்து, தான் எழுதிவந்ததைப் பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இது பழைய கதைன்னு நெனச்சேன்" என்றபடி டெல்ஃபின் விட்லோவின் பக்கம் திரும்பினாள். "காலையில நீங்க எனக்குக் குடுத்ததும் இதேதான் சார். மார்க்கு முழுசு. வாய் கிடையாது."

விட்லோ தாளை எடுத்தார். செயலர் இல்லாத மாநாட்டில் அதை அவரே வாசிக்க வேண்டியிருந்தது. 'ஏனையோர்' என்ற சொல்லில் அவர் குரல் தடுமாறிற்று. பின்னர் மாநிலங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார்.

"ஜார்ஜியா?"

1787இல் முழு எண்ணிக்கை கேட்ட ஜார்ஜியா முடிவில் அந்த ஐந்தில் மூன்றுக்கு இசைந்தது. விதிப்படி அவளும் இசைந்தாக வேண்டும்.

"சம்மதம்" என்றாள் டெல்ஃபின், அவரை நேராகப் பார்த்தபடி.

மணி அடித்தது. மாணவர்கள் ஓசையின்றிப் பைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினர். வாயிலை அடைந்தவளை விட்லோ அழைத்தார்.

"டெல்ஃபின், உனக்கு முழு மார்க்கு போட்டிருக்கேன்."

"எப்பப் போட்டீங்க சார்? காலையிலயா, இப்பவா?"

மதிப்பெண் ஏடு அவருக்கு முன்னே திறந்து கிடந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். அவள் காத்திருக்கவில்லை.