ஆலிவ் எண்ணெயில் டபுள் பீன்ஸ்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது என்பது சட்டம். மீன் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. பெரியநாயக்கன்பாளையத்து அந்தோணியார் அன்பியம் வருஷாவருஷம் அந்த ஓட்டைக்குள்தான் புகுந்து புறப்பட்டது. அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் ஒன்றாகக் கூடி ஜெபிக்கிற கூட்டம். வெள்ளிக்கு ஒரு வீடு. ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டிலேயே எளிய சாப்பாடு. அந்த எளிய சாப்பாடு மத்தி மீனில் தொடங்கி, வஞ்சிரத்தைத் தாண்டி, இறால் வரைக்கும் போயிருந்தது.

ஜோவிதா வீட்டுக்கு மட்டும் முறை வரவே இல்லை. அடித்த கணவனை விட்டுவிட்டு சைப்ரஸ் தீவுக்குச் சமையல் வேலைக்குப் போனவள் அவள். திரும்பி வந்த பிறகும் அவனிடம் போகாமல் இங்கே தனியாக வீடு எடுத்தாள். அன்பியத் தலைவர் தேவானந்தம் லேத் பட்டறைக்காரர், மரியாதையில் குறை வைக்காதவர். "தனியாளா இருக்கறீங்க, உங்களுக்கு எதுக்குங்க அம்மணி சிரமம்" என்று ஒவ்வொரு தவக்காலமும் தேன் தடவிச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குத் தாண்டிவிடுவார். புருஷனை விட்டவள் வீட்டில் சொல்கிற ஜெபம் கூரையைத் தாண்டாது என்று எண்ணம் போல.

இந்த வருஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதே தெருவில் இருக்கும் ஜெயக்கொடி வீட்டுக் கூட்டத்தில், மீன் குழம்பு தெருவரைக்கும் மணந்துகொண்டிருந்த நேரத்தில் எழுந்து நின்றாள்.

"அடுத்த வெள்ளி எங்கூட்லீங்க."

"பாக்கலாமுங்க," என்றார் தேவானந்தம்.

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆறரைக்கு வாங்க. மீனெல்லாம் கெடையாது, பயிறுதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டாள். அந்தத் தீவில் நோன்புக் காலம் முழுக்கப் பயறும் பருப்பும்தான். தின்றவர்கள் ஒருவரும் இளைத்து அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், முந்தின நாளே ஊறப் போட்ட ஊட்டி டபுள் பீன்ஸ் கட்டைவிரல் தண்டிக்கு உப்பியிருந்தது. அரை வேக்காடு வேகவைத்து வடித்தாள். அகலமான மண்சட்டியில் வெங்காயம், பூண்டு, நாட்டுத் தக்காளி, பிரிஞ்சி இலை, துளித் தேன். ஓரிகானோவுக்கு வேறு எங்கே போவது? பீட்சாக் கடையில் கொடுத்த பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டினாள். சட்டியை மூடி, தீயைச் சிம்மில் வைத்தாள். அடுத்த அடுப்பில் கொண்டைக்கடலை வெங்காயத்தோடு கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் போதும். மிளகாய்த்தூள் டப்பா பக்கம் கை தானாகப் போனது. 'சும்மா இரு' என்று கையைத் திட்டி இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஜெயக்கொடி வந்தாள். "ஒத்தாசைக்கு வந்தேன் கண்ணு," என்றாள். வந்தது வேவு பார்க்க என்பது ஜோவிதாவுக்குத் தெரியாதா? அவள் பாட்டுக்கு ஆலிவ் எண்ணெய் டின்னைத் திறந்து, ஒரு டம்ளர் நிறைய அளந்து சட்டியில் ஊற்றினாள்.

"அய்யோ மாதாவே! சாமி எண்ணெயைக் கொழம்புல ஊத்திப்போட்டியே!"

ஜெயக்கொடிக்கு ஆலிவ் எண்ணெய் என்றால் மாதா படத்துக்குப் பக்கத்தில் சின்னக் குப்பியில் இருப்பது. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பது. காய்ச்சல், தலைவலி என்றால் நெற்றியில் ஒரு பொட்டு வைப்பார்கள், அவ்வளவுதான். அதை டம்ளர் கணக்கில் அடுப்பில் ஊற்றுவதை அவள் சொப்பனத்தில்கூடக் கண்டதில்லை.

"இது மந்திரிக்காததுங்க்கா. கடையில வாங்குனது. அந்த ஊர்ல இதுலதான் ஆக்குவாங்க."

"பைபிள்ல வர்ற எண்ணெய்டி இது!"

"அதேதாங்க்கா. மாதா பின்னே கடலையெண்ணெய்லயா தாளிச்சாங்க?"

ஜெயக்கொடிக்கு வாயடைத்துப் போனது, ஆனால் வாசல் வரைக்கும்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டீ நேரத்துக்குள் தேவானந்தத்திடமிருந்து போன் வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. எண்ணெய் விசயமா ஆளாளுக்குப் பேசறாங்க. கூட்டத்தை எங்கூட்டுக்கு மாத்திப்போட்டேனுங்க. நீங்களும் வந்துருங்க."

ஜோவிதா அடுப்பை அணைத்தாள். அழுகை வந்தது, துடைக்கக்கூட இல்லை. பீன்ஸ் ஒன்றுகூட உடையாமல், எண்ணெய் பிரிந்து, அவ்வளவு பதமாக வெந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் இன்னும் கூடியது.

ஆறரைக்கு தேவானந்தம் வீட்டு வாசலில் போய் நின்றாள். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மீன் வறுபடுகிற சத்தம்.

"உள்ள வாங்க அம்மணி, உக்காருங்க."

"உக்கார வரலீங்க. ஒண்ணு சொல்லிப்போட்டுப் போறேன். பழியை எண்ணெய் மேல போடாதீங்க. நான் புருசனை விட்டுட்டு வந்தவ, அதுதான் உங்களுக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. அவன் என்ர பல்லை ஒடச்சப்ப, அவன் ஊர்லயும் இப்புடித்தான் பாய் விரிச்சு உக்காந்து, எனக்குப் பொறுமை வேணும்னு ஜெபம் பண்ணுனாங்க. அந்த ஜெபம் எனக்கு வேண்டாமுங்க. எங்கூட்ல மெழுகுவத்தி ஏத்தியாச்சு, சோறும் ஆச்சு. வாரவங்க வாங்க. வராதவங்க மீனைத் தின்னுங்க."

பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து கதவை அகலத் திறந்து வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, தட்டில் பீன்ஸைப் போட்டு, பன்னைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். யார் வந்தாலும் வராவிட்டாலும் இன்று இந்த வீட்டில் கூட்டம் உண்டு என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெயக்கொடி. ஜெபத்துக்குப் போட்ட முக்காட்டோடு, தனியாக.

"எனக்கு ஒரு தட்டு குடு," என்று கீழே உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். "காரமே இல்ல." இன்னொரு வாய். "உப்புங் கம்மி." தட்டு காலியானது. "இன்னுங் கொஞ்சம் போடு."

ஜோவிதா போட்டாள். ஜெயக்கொடியின் கணவன் குடித்துவிட்டு என்ன செய்வான் என்பது தெருவுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பதைத்தான் தெரு மரியாதை என்று வைத்திருந்தது. ஜோவிதாவும் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

"ஏங் கண்ணு," ஜெயக்கொடி தட்டைப் பார்த்தபடியே கேட்டாள், "விட்டுட்டுக் கெளம்பறப்ப பயமா இல்லியா?"

"இருந்துச்சுங்க்கா. பயந்துட்டேதான் பஸ் ஏறுனேன்."

ஜெயக்கொடி பன்னால் சாற்றை வழித்தாள். அவள் போன் அடித்தது. கை பிசுக்காக இருந்ததால் ஸ்பீக்கரைத் தட்டினாள். தேவானந்தத்தின் குரல்.

"எங்கீங்க போனீங்க? ஜெபம் ஆரம்பிக்கோணும். உங்க ஊட்டுக்காரரு இங்க சத்தம் போடறாருங்க."

ஜெயக்கொடி வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"போடட்டுமுங்க," என்றாள். "நான் சாப்புட்டுட்டு இருக்கறேன்."