பட்டுப்புடவையில் ஒரு விண்ணப்பம்

"'இன் டயர் நீட்'னு எழுதிப் போட்டா அரசாங்க வாடகை வீடு கிடைச்சிடுமாமே, நெசமா தாரணி?" என்று பூவம்மா ஒருநாள் கேட்டார். தேக்கா சந்தைப் பூக்கடையில் இருவரும் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாரணி உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டவள். வாடிக்கையாளரிடம் விலை சொல்லவே கூசுவாள்.

"சும்மா போடக்கூடாது ஆன்ட்டி. ரொம்பக் கஷ்டத்துல, வேற வழியே இல்லாதவங்க எழுதுற இங்கிலீஷ் வார்த்தை அது."

பூவம்மா நூலை முடிச்சுப் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார். மகன் தாங்கள் குடியிருந்த மார்சிலிங் வீட்டை விற்றுவிட்டான். செம்பவாங்கில் மாமியார் வீட்டோடு போய்ச் சேர்கிறான். அங்கே அம்மாவுக்கு இடமில்லை. அடுத்த மாதம் சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

"அப்ப தாராளமா எழுதலாம்," என்றாள் தாரணி. அன்றே விண்ணப்பத்தை எழுதியும் கொடுத்தாள்.

மார்சிலிங்கில் எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளன்று, புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கடையிலிருந்து நேராக வந்தாள். கால் கடுத்தது. பூவம்மாவைக் கண்டதும் திகைத்தாள். தீபாவளிப் பட்டு, தலை நிறையப் பூ, கழுத்தில் தடித்த சங்கிலி.

"என்ன ஆன்ட்டி, கல்யாணத்துக்கா?"

"பெரிய மனுசரப் பாக்க அழுக்குச் சேலையிலயா போறது?"

வெகுநேரம் கழித்து அவர்கள் வரிசை எண் வந்தது. எம்.பி.க்காகக் கடிதம் தட்டச்சு செய்யும் தொண்டூழியர் ரமணன், கழுத்தில் அலுவலக அட்டையோடு கொட்டாவி விட்டான். தாரணி எழுதிய தாளைப் படித்தான். சங்கிலியைப் பார்த்தான்.

"டயர் நீட்... எல்லாருமே இதத்தான் போடுறாங்க லா. ஏம்மா, மகன் பாத்துக்கலையா?"

பூவம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் சொன்னா? ராணி மாதிரி வச்சிருக்கான்."

ரமணன் அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தான். அது போனால் கடிதத்தில் ஒன்றுமே மிஞ்சாது. பூவம்மா வாயைத் திறக்கிறவராகத் தெரியவில்லை.

"அண்ணே..." தாரணி தாளின் மேல் கையை வைத்தாள். "அது கவரிங். மகன் இவங்களக் கூட்டிட்டுப் போகல. அடுத்த மாசம் எங்க படுப்பாங்கன்னே தெரியாது. அடிச்சிடாதீங்க."

பின்வரிசையில் பேச்சு நின்றது. மார்சிலிங் முகங்கள், பாதிப் பேர் மகனுக்குத் தெரிந்தவர்கள்.

"நெசமாம்மா?" என்றான் ரமணன்.

பூவம்மா ஆமென்று தலையை மட்டும் அசைத்தார். அவன் பேனாவை வைத்துவிட்டு, அந்த வரியை அப்படியே தட்டச்சு செய்தான். "பதில் வர நாளாகும்," என்றபடி தாளை நீட்டினான்.

பூவம்மா கையெழுத்துப் போட்டார்.

"ஆன்ட்டி," என்றாள் தாரணி.

பூவம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே மின்தூக்கியை நோக்கி நடந்து போனார்.