லட்சத்து நாற்பத்தைந்துக்கு ஒரு சதமும் குறையாது

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. வெள்ளவத்தையில் என் வீட்டு மாடிப்படியின் கீழே ஒரு தடித்த ரயர் சைக்கிள் மூன்று வருடமாகக் கிடக்கிறது. அதை விற்க விலை விசாரித்து விசாரித்து, கடைசியில் ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் என்ற அளவுக்குத் தகவல் சேர்ந்துவிட்டது. எழுதவும் உட்கார்ந்தேன்.

பெற்றோல் வரிசைக் காலத்தில் கொழும்பில் சைக்கிள்களுக்கான சந்தைக் கேள்வி சடுதியாக அதிகரித்தமையும், வரிசைகள் மறைந்ததும் தடித்த ரயர் வகைகளின் மறுவிற்பனைப் பெறுமதி—

எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. வசனத்தை அப்படியே விட்டுவிட்டு, கதைக்குக் கிளின்ரன் என்றொருவனைக் கூப்பிட்டேன்.

2.

கிளின்ரன் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். அப்படிப்பட்டவனுக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்பீர்கள். பெற்றோல் கிடைக்காத நாட்களில் ஊரே வாங்கியது, அவனும் வாங்கினான். விலை ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம்.

மனைவி யூஜினா அந்த ரயர்களைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இதென்னப்பா, ட்ரக்டர் போட்ட குட்டியோ?"

"இது செலவில்லை யூஜினா, முதலீடு. இதின்ர விலை இறங்காது."*

* இறங்கியது. கட்டுரையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு வரைபடம் போட்டிருப்பேன். மலையிலிருந்து உருட்டிவிட்ட பூசணிக்காயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதுவே போதும்.

3.

யூஜினாவுக்குக் கல்கிசையில் ஒரு வங்கியில் வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், ஏழு வருடமாக. கல்கிசையிலேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். கிளின்ரனோ அசைகிற ஆளில்லை. மாதா கோயில் பாடகர் குழு, பின்னேரத்துக் கரம் பலகை விளையாட்டு, நடந்துபோகிற வேலை எல்லாம் கொட்டாஞ்சேனையில்தான். மூன்று மாதம் இதே கதையாகப் போய், ஒருநாள் யூஜினா சொன்னாள்:

"சரி. அந்த முதலீட்டை வாங்கின விலைக்கே வித்துக் காட்டுங்கோ. இஞ்சயே இருப்பம். ஒரு சதம் குறைஞ்சாலும் கல்கிசைக்குச் சாமானைக் கட்டவேணும். டிசம்பர் இருபத்தஞ்சு, நத்தார் வரைக்கும் தவணை தாறன்."

"ஓம்," என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் கிளின்ரன்.

(இந்த இடத்தில் யூஜினாவைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக்கிப் பார்த்தேன். நாளுக்கு நாலு பஸ் ஏறுகிறவளை அப்படி எழுதக் கை கூசியது. அடித்துவிட்டேன்.)

4.

அறுபதாயிரத்துக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. சந்தையில் கேள்வி இல்லாவிட்டால் நாமே உண்டாக்கவேண்டியதுதான் என்று கிளின்ரன் முடிவெடுத்தான். நண்பன் பிரதீஸின் ஃபோன் இலக்கத்தைப் போட்டு இணையத்தில் ஒரு விளம்பரம் கொடுத்தான்: "தடித்த ரயர் சைக்கிள் உடனடியாகத் தேவை. ஒன்றரை லட்சம் வரை கொடுக்கப்படும்." இதைப் பார்க்கிறவர்கள், இதற்கு இவ்வளவு கிராக்கியா என்று தன்னுடைய சைக்கிளைத் தேடி ஓடிவருவார்கள் என்பது அவன் கணக்கு.

அடுத்த நாள் மத்தியானம் பிரதீஸ் அழைத்தான்.

"மச்சான், முப்பத்தொரு பேர் ஃபோன் எடுத்திட்டாங்கள்."

"வாங்கத்தானே?"

"எங்க? எல்லாரும் விக்கிறதுக்கு. பாணந்துறையில ஒருத்தர் தன்ர சைக்கிளை வான் வண்டியில ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டிட்டாராம். நான் ஃபோனை நிப்பாட்டப்போறன்."

அந்த முப்பத்தொரு பேரில் நானும் ஒருவன். மானத்தை விட்டுச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

5.

நத்தாருக்கு ஆறு நாள் இருக்கும்போது பொரளையிலிருந்து முத்துலிங்கம் என்றொருவர் வீட்டுக்கு வந்தார். ரயரை அமுக்கிப் பார்க்கவில்லை. ஏறி ஓடிப் பார்க்கவுமில்லை.

"என்ன விலை தம்பி?"

"லட்சத்து நாப்பத்தஞ்சு."

"சரி."

கொழும்பில் முதல் விலைக்குச் 'சரி' சொன்ன மனிதரை நான் கண்டதில்லை. கிளின்ரனும் கண்டதில்லை. அதற்குள் முத்துலிங்கம் காசு உறையை நீட்டிவிட்டார். அது கோயிலுக்கு மாதக் காணிக்கை போடுகிற உறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் இலக்கம் அச்சடித்துக் கோயிலில் கொடுப்பார்கள். இந்த உறையின் மூலையில் 214 என்றிருந்தது.

கிளின்ரன் குடும்பத்தின் இலக்கம் 214.

அவசரத்தில் கைக்கு அகப்பட்ட உறையில் தன் சேமிப்பைப் போட்டு, கிளின்ரனுக்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள் யூஜினா. பத்து நாளாகச் சோறு இறங்காமல் திரிந்தவனைப் பார்த்துப் பொறுக்காமல், தானே தோற்றுவிடத் தீர்மானித்திருக்கிறாள். கிளின்ரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, கலியாணமான புதிதில் வந்ததைப் போல அவள்மேல் அப்படியொரு ஆசையும் வந்தது.

6.

முடிவு அ: காசை வாங்கி வைத்துவிட்டு, 'பார்த்தீரா, விலை இறங்கேல்லை' என்கிறான். (இதை எழுதியிருந்தால் என் வீட்டிலும் சோறு கிடைத்திருக்காது.)

முடிவு ஆ: உறையைத் தூக்கிக் காட்டுகிறான். இருவரும் கண்ணீர் வி— வேண்டாம்.

நான் மூன்றாவதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிளின்ரன் என்னைக் கேட்காமல் வாயைத் திறந்துவிட்டான்.

"ஐயா, சொன்ன விலை கூடிப்போச்சு. அறுபது தாங்கோ."

முத்துலிங்கம் திகைத்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரேயொரு தொகைதான்.

"இல்லைத் தம்பி. லட்சத்து நாப்பத்தஞ்சு."

"சீற் கிழிஞ்சிருக்கு. அம்பது."

"கிழிஞ்சாலென்ன. லட்சத்து நாப்பத்தஞ்சு."

"பிரேக் பிடிக்காதய்யா."

"எனக்கு பிரேக் தேவையில்லை."

குசினியில் சமையலை விட்டுவிட்டு யூஜினா வந்து கதவடியில் நின்றாள். அவள் கண் உறையில் பட்டது, பிறகு புருஷனில் பட்டது. மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று விளங்கிவிட்டது.

"முத்துலிங்கம் அண்ணை, விட்டுக்குடுக்காதேங்கோ," என்றாள்.

"நாப்பது," என்றான் கிளின்ரன், அவளைப் பார்த்தபடி.

இந்தப் பேரத்தை என்னால் முடிக்க முடியவில்லை. கொடுக்கிறவர் இறங்கமாட்டேன் என்கிறார், விற்கிறவன் ஏறமாட்டேன் என்கிறான். கட்டுரையில் இதற்கு இடமே இல்லை. ஆகவே விலையை நீங்களே போடுங்கள். லட்சத்து நாற்பத்தைந்து என்று போட்டால் நாளைக்கும் நாலு பஸ் யூஜினா ஏறுவாள். ஒரு சதம் குறைத்தாலும் கல்கிசையிலிருந்து கிளின்ரன் ஏறுவான். இருவரும் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

விற்ற விலை: ரூபா ...................