பேசறதுக்கு எறக்கக் கூடாது

முகக்கவசங்களுக்கு நேர்முகத் தேர்வு நடத்திய வீடு நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். தேர்வுக்குழுத் தலைவி என் அக்கா ஜெயப்பிரியா. அவள் டொராண்டோவில் இருந்தாள். உறுப்பினர் அப்பா. அவர் கோழிக் கொட்டகையில் இருந்தார். கல்லூரிக்கு விடுமுறை என்பதால் எழுத்தர், ஓட்டுநர், மருந்துக்கடைக்கு ஓடுகிறவன் ஆகிய பதவிகள் எனக்கு. முகம் மட்டும் அம்மாவுடையது.

அக்காவின் பிரசவத்துக்குத் தை மாதம்தான் நாள் குறித்திருந்தார்கள். ஐப்பசியிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஏழு மாதக் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு விசா முன்பே வந்திருந்ததால் டிக்கெட்டை மட்டும் முன்னுக்கு இழுத்தோம். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. கோழிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆகவே அம்மா தனியாகப் போவது என்று முடிவானது.

சிக்கல் அதில் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் சளி, தும்மல், இருமல் என்று யார் வந்தாலும் குழந்தைகள் இருக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள். வாசலிலேயே விசாரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் உடம்போ, ஏசி என்று போர்டில் எழுதியிருந்தாலே தும்முகிற உடம்பு. சேலத்தில் போய் ஒரு கல்யாணப் புடவை எடுத்து வந்தால் அந்தக் கல்யாணம் முடியும்வரை மூக்கு ஒழுகும். அந்த மூக்கை இரண்டு விமானங்களில், ஒரு நாள் முழுக்க, முன்பின் தெரியாத முந்நூறு பேர் விடும் மூச்சுக்கு நடுவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"ஏறுனதுலேர்ந்து எறங்கற வரைக்கும் மாஸ்க்கக் கழட்டக் கூடாதும்மா" என்றாள் அக்கா. தூங்கிப் பல நாள் ஆன குரல். "சாப்புடறதுக்கு மட்டும் கழட்டு. அதுவும் பக்கத்துல இருக்கறவங்க சாப்ட்டு முடிச்ச பொறவு. இத்தன தூரம் வந்துபோட்டு வாசல்ல நிக்கறதுக்கா வர்ற? எனக்கு இங்க ஆரு இருக்கா?"

கடைசிக் கேள்விக்குள் அழுகை வந்துவிட்டதால் அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

முதல் விண்ணப்பதாரர் மருந்துக்கடையில் கிடைக்கிற நீலநிற முகக்கவசம். ஒரு பெட்டி கேட்டபோது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "மறுக்கா வந்துருச்சுங்களா தம்பி?" என்றார். இல்லைங்க, அம்மா வெளிநாடு போறாங்க என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு மீதிப் பெட்டிகளைத் தன் வீட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்.

அம்மா அதை மாட்டிக்கொண்டு தோசை சுட்டாள். மூன்றாவது தோசையில் விண்ணப்பம் தள்ளுபடியானது.

"காது ரெண்டும் முன்னால வந்துருச்சு. மூக்குத்தி குத்துது. கண்ணாடி பூராப் பனி. கொல்லிமலையில நின்னு தோச சுடறாப்புல இருக்குது."

இரண்டாவது, கிண்ணம் மாதிரி விறைப்பாக நிற்கும் வெள்ளை நிறத்துக்காரர். காதைத் தொடாது. தலையைச் சுற்றி இரண்டு ரப்பர் பட்டை. ஒரு பட்டை கொண்டைக்கு மேலே போகுமா கீழே போகுமா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அது முடிந்து அம்மா நிமிர்ந்தபோது அப்பா உள்ளே வந்தார்.

"அலகு வெட்டாத கோழியாட்டவே இருக்கறயே அம்மணி!"

குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கப் பண்ணையில் சின்னதிலேயே அலகின் நுனியை வெட்டிவிடுவார்கள். அம்மா கிண்ணத்துக்குள்ளிருந்தே பதில் சொன்னாள்.

"வெட்டறதுக்குத்தானுங்க இத்தன ஏற்பாடு."

அதுவும் போயிற்று. மாட்டுக்கு வாய்க்கூடை கட்டியது போல இருக்கிறது, மாட்டுக்காவது வாய் வைக்கோல் தின்ன மட்டும்தான் என்றாள்.

மூன்றாவது சேலத்தில் கிடைத்தது. பக்கவாட்டில் பார்த்தால் மீன் போல இருக்கும். நடுமடிப்பு உதட்டிலிருந்து விலகி நிற்கும். மேலே உள்ள கம்பியை மூக்கோடு அழுத்தி, அதன் மேல் கண்ணாடியை வைத்தால் பனி இல்லை. காதுப் பட்டைகள் இரண்டையும் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டிக் கொண்டைக்குக் கீழே விட்டுவிட்டால் காதுக்கும் வேலை இல்லை. மூக்குத்தி அந்த வளைவுக்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டது. அம்மா அதற்குக் கெண்டை என்று பேர் வைத்தாள்.

"இது பரவால்ல. வாய்க்கு முன்னால ஒரு ரூம்பு இருக்குது."

தேர்வுக்குழுத் தலைவி டொராண்டோவிலிருந்து ஒப்புதல் அளித்தாள். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அடுத்த குறை தெரிந்தது. அது முகக்கவசத்தின் குறையல்ல. அம்மா பேச வேண்டுமானால் அதைக் கீழே இழுத்துவிட்டுத்தான் பேசினாள்.

ஒத்திகை வைத்தேன். கூடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மாவுக்கு ஜன்னலோரம். நடுவில் அப்பா, முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரராக. டேபிள் ஃபேன் முழு வேகத்தில் ஏசியாக. நான் பணிப்பெண்ணாகத் தண்ணீர் கொண்டுபோனேன். அப்பா உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அவ்வளவு பொருத்தமான வெளிநாட்டுக்காரரை நான் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கெண்டையைத் தாடைக்கு இறக்கினாள்.

"ஏனுங்க, முட்ட வண்டி வந்துருச்சு, எந்திரிங்க!"

வெளிநாட்டுக்காரர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடினார்.

"அம்மா, எறக்கிட்ட."

"வாய மூடிக்கிட்டுப் பேசுனா அவருக்குக் கேக்குமா?"

"சத்தமாப் பேசு. பேசறதுக்கு எறக்கக் கூடாது."

"சரி சாமி" என்றாள். அதைச் சொல்வதற்கும் இறக்கினாள். அன்று டொராண்டோ போய்ச் சேர்வதற்குள் கெண்டை எத்தனை முறை தரையிறங்கியது என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் எனக்குத்தான் சோர்வு.

வீட்டு நாற்காலியில் நடப்பது உண்மையான சோதனை ஆகாது என்று ஏசி பஸ்ஸில் சேலத்துக்கு அழைத்துப் போனேன். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் பிரிவு வரை அம்மா கெண்டையோடு அசையாமல் இருந்தாள். அங்கே ராமாயி என்ற அம்மா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேரை அவராகவே சொன்னார். உடனே கேட்டார்.

"ஏனம்மணி, ஒடம்புக்கு ஏதாச்சும் சீக்குங்களா? மூஞ்சியக் கட்டீட்டு உக்காந்திருக்கறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இறக்காமலே பதில் சொன்னாள்.

"சீக்கெல்லாம் இல்லீங்க. பொண்ணப் பாக்கப் போறேனுங்க."

மடிப்பைத் தாண்டி வந்த அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்து உள்ளேயே தங்கிவிட்டது. ராமாயி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பையனுக்குங்களா? மீசையே இன்னும் ஒழுங்கா வர்லயே! நம்ம பக்கத்துல ஒரு எடம் இருக்குதுங்க. புள்ள நர்சுப் படிப்பு. எதுக்கும் ஜாதகம் குடுங்க."

என் கல்யாணம் முடிவாகிவிடக் கூடாதே என்ற ஒரே காரணத்துக்காக அம்மா கெண்டையை இறக்கினாள். பிறகு ஏற்றவில்லை. மகள், ஏழு மாதக் குழந்தை, கண்ணாடிப் பெட்டி, கோழித்தீவனம், ராமாயி அம்மாவின் மருமகன் ஓட்டும், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி என்று சேலம் வரும்வரை போனது. சும்மா சொல்லக் கூடாது, அம்மாவின் தாடையை ஒரு கிருமியும் அண்டவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தாடையில் கிடந்த கெண்டையைப் பார்த்தேன். அம்மாவே சொன்னாள்.

"கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லாம எப்படிடா இருக்கறது?"

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அம்மா தும்மினாள். அதுவும் அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது. ஒன்றல்ல, வரிசையாக. அக்காவின் முகம் திரையில் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன். போகவில்லை.

"அம்மா, சளியா?"

"இல்ல கண்ணு. மக்காச்சோளத் தூசி."

"நெசமா?"

"நெசந்தான்."

"டிக்கெட்ட மாத்தீறலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

அப்பா நொச்சித்தழை பறித்து வந்து ஆவி போட்டார். அம்மா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் வெப்பமானியை உதறுவதும் பார்ப்பதுமாக இருந்தேன். யார் வாயிலும் வைக்காததால் அது என்னைப் பற்றியும் சொல்லவில்லை, அம்மாவைப் பற்றியும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மூக்கு சுத்தமாக இருந்தது. உண்மையிலேயே தூசிதான்.

"தீவன ரூமுக்குள்ள துண்டு கட்டாம எதுக்கும்மா போன?" என்றேன். தீவனம் அரைக்கும்போது அம்மா மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டாமல் உள்ளே போய் நான் பார்த்ததே இல்லை.

"மூஞ்சில எதையும் கட்டவே புடிக்கல சாமி. சலிச்சுப் போச்சு."

"அத்தன வருசமாத் துண்டு கட்டறயே, அத மட்டும் எறக்காமயே இருக்கற?"

"அங்க ஆருகிட்டப் பேசறது? மெசினு ஓடறப்ப பேசுனாலும் கேக்காது" என்றாள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை என்பது போலப் போர்வையை மடித்தாள்.

சென்னை விமான நிலையத்தில் கெண்டை சரியாக உட்கார்ந்திருந்தது. கைப்பையில் மாற்றுக்கு இன்னும் சில கெண்டைகள். சக்கர நாற்காலி வேண்டாம், எனக்குக் கால் நல்லாத்தான் இருக்குது என்று அதைத் தள்ளிவந்தவரிடம் தமிழிலேயே சொன்னாள். உள்ளே போனவள் திரும்பி நின்று கெண்டையை இறக்கினாள்.

"கோழிக்குத் தண்ணி லைன் ஒழுகுதுடா, பாத்துக்க!"

நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அவள் அவசரமாக ஏற்றிக்கொண்டாள். பிறகு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் கொண்டையும் கொக்கியும் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

நான் ஊருக்கு வந்த பிறகு அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்ப எங்க இருப்பா?"

"கடலுக்கு மேலங்கப்பா."

"தும்மியிருப்பாளா?"

"இங்க வரைக்கும் கேக்காதுங்கப்பா."

அவர் சிரிக்கவில்லை. தண்ணி லைனைப் பார்க்கப் போனார். நான் முன்பே பார்த்திருந்தேன். அவரும் பார்த்தார்.

மறுநாள் விடிகாலையில், அங்கே சாயங்காலம், அக்கா வீடியோவில் அழைத்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி. வாசலில் நர்ஸ் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தும்மல் இல்லை. உள்ளே விட்டுவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து போட்டு வந்ததைக் கழற்றிக் குப்பையில் போடச் சொல்லி, அவர்களுடைய முகக்கவசம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். நீலநிறம். முதல் நாள் தோசைக்கல்லோடு தள்ளுபடியான அதே விண்ணப்பதாரர்.

அக்கா ஃபோனைத் திருப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அம்மா. காது இரண்டும் முன்னால் வந்திருந்தது. கண்ணாடி பூராவும் கொல்லிமலை. மூக்குத்தி இருக்கும் இடம் நீலத்துக்குள் புடைத்துத் தெரிந்தது. பெட்டியின் பக்கத்தில் இருந்த வட்டத் துளை வழியாகக் கையை உள்ளே விட்டிருந்தாள்.

"பேசும்மா, அவளுக்குக் கேக்கும்" என்றாள் அக்கா.

அம்மாவின் இன்னொரு கை தன் தாடைக்குப் போனது. நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தோம். கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கி இடுப்புக்கு வந்துவிட்டது. முகக்கவசம் இரண்டு மூன்று முறை அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"என்ன சொன்னாடா?" என்றார் அப்பா.

"தெரியலீங்கப்பா."

அம்மா அக்கா வீட்டுக்குப் போய்ப் படுக்கும் முன்பு ஒரு முறை பேசினாள். இங்கே பண்ணைக்கு வேலைக்கு வரும் பெண்கள் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். படம் இல்லை, குரல் மட்டும்.

"ஃப்ளைட்டுல எத்தன தடவ எறக்குன?" என்றேன்.

"எறக்கவே இல்ல சாமி. அல்லாரும் தின்னு முடிச்ச பொறவு ரெண்டு வாய் தின்னேன். அவ்வளவுதான்."

"பேசறதுக்கு?"

"ஆருகிட்டப் பேசறது? இந்தப் பக்கம் ஜன்னலு. அந்தப் பக்கம் ஒரு புள்ள காதுல மாட்டீட்டுப் படம் பாத்துட்டே வந்துச்சு. ஏனம்மணி மூஞ்சியக் கட்டீருக்கறீங்கன்னு ஒருத்தருங் கேக்கலியே." ஒரு கொட்டாவி விட்டாள். "அந்த ராசிபுரத்தம்மா பக்கத்துல இருந்திருந்தா எறக்கியிருப்பேன்."

"பாப்பாகிட்ட என்னம்மா சொன்ன? எங்களுக்குக் கேக்கல."

"வந்துபோட்டேன்னு சொன்னேன்."

"வாய மூடிக்கிட்டுப் பேசுனது அதுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வெரலப் புடிச்சுச்சல்ல."

அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. குறட்டை வந்தது. அப்பா ஃபோனை என்னிடமிருந்து வாங்கினார். இணைப்பைத் துண்டிக்காமல், ஒத்திகைக்குப் போட்டு இன்னும் எடுத்து வைக்காமல் இருந்த ஜன்னலோர நாற்காலியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, நடுநாற்காலியில் உட்கார்ந்தார். முட்டை வண்டி வந்து ஹாரன் அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. நான் போனேன்.